குடும்பக் கல்லறைத் தோட்டப் பராமரிப்புச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பெரியப்பா சித்தப்பாமார்களுக்கும், அத்தைமார்களுக்கும், வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்திருக்கும் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். சென்ற ஆண்டு நடந்த வேலைகளைச் சங்கத்தின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விக்கு முதலில் வந்துவிடுகிறேன். தோரண வாயில் இந்த ஆண்டும் கட்டவில்லை. நன்கொடையாளர் பெயர் பொறித்த கிரானைட் பலகையும் வைக்கவில்லை. வாயிலுக்கென்று வந்திருந்த பணத்தை, கொடுத்தவர்களைப் போனில் பிடித்துச் சம்மதம் வாங்கி, வடிகாலுக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் திருப்பிவிட்டோம். ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை. அவர் பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

காரணம் இதுதான். தோட்டத்தில் மண்டிய சீமைக்கருவேலங்காடு பார்வைக்குத்தான் பயங்கரம். கல்லறைகளைத் தின்றது தண்ணீரும் சிமென்ட்டும். பழைய கல்லறைகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1718-இல் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயமும் அதே செங்கல், அதே சுண்ணாம்புதான். அடுத்த ஆண்டே அவரை அதற்குள் அடக்கம் செய்தார்கள், இன்றும் நிற்கிறது. நம் தோட்டத்தில் நடந்தது என்ன? முன்பு ஒரு சமயம் நல்லெண்ணத்தோடு யாரோ சில கல்லறைகளுக்குச் சிமென்ட் பூசி, மேலே எனாமல் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். டெல்டா மண்ணில் ஈரம் எப்போதும் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பென்றால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். சிமென்ட் விடாது. உள்ளேயே தங்கிய ஈரத்திலிருந்த உப்பு செங்கல்லுக்குள் பூத்து, கல்லைப் பொடியாக்கிவிடும். உபதேசியார் தாத்தா கல்லறையின் வடக்குப் பக்கத்துச் சிமென்ட்டைக் கொத்தனார் உளியால் மெதுவாக நெம்பியபோது அது பலகையாகக் கழன்று வந்தது. பின்னாலிருந்த செங்கல்லோ கைவிரல் பட்ட இடத்தில் சிவப்புத் தூளாகக் கொட்டியது. மேலே பார்த்தால் பளபளவென்று இருந்த கல்லறை அது. பெயின்ட் அடிக்காமல் கிடந்த பக்கத்துக் கல்லறை, பாசி பிடித்திருந்தாலும், உள்ளே கெட்டியாக இருக்கிறது.

கொத்தனார், சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைப் பழுதுபார்த்த காலத்தில் சுண்ணாம்பு வேலை பழகியவர். அவரைத் தேடிப்பிடித்ததே இந்த ஆண்டின் பெரிய சாதனை என்பது என் சொந்த அபிப்பிராயம். தோட்டத்துக்குள்ளேயே குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்தார். மணலோடு செங்கல் தூளையும் சேர்த்தார். ஈரமான இடத்தில் அப்போதுதான் காரை இறுகுமாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைத்தபோது வந்த வாடையைப் பற்றிப் பக்கத்துத் தெருவிலிருந்து புகார்கூட வந்தது. பூசிய இடத்தை ஈரச்சாக்கு போட்டு மூடி, மெதுவாகத்தான் காயவிட வேண்டும்.

மழை தொடங்கினால் சுண்ணாம்பு வேலை ஓடாது. அதனால் செப்டம்பர் கடைசியில் நிறுத்தி, பொங்கலுக்கு அப்புறம்தான் மறுபடி தொடங்கினோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வந்தவர்கள் சில கல்லறைகள் வெறும் செங்கல்லாக நிற்பதைப் பார்த்து வருத்தப்பட்டீர்கள். ஒரு அத்தை, “எங்க அப்பாவுக்கு ஒரு வெள்ளைகூட அடிக்கலையே” என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் அப்பாவின் கல்லறை பிப்ரவரியில் முடிந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வடிகால் விஷயம். தோட்டத்தின் தெற்கே ஓடும் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கரையோரம் தோண்ட முடியாது. வழக்கமாக ஜூன் 12-க்கு மேட்டூர் அணையைத் திறப்பார்கள். 2024-இல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். குறுவை நம்பியிருந்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். நம் சொந்தக்காரர்களிலேயே எத்தனையோ பேருக்கு நஷ்டம். ஆனால் அந்த வறண்ட வாரங்களில்தான் கரையோரச் சுவரின் அஸ்திவாரத்தை நம்மால் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிந்தது. பக்கத்து வயல்காரர் தன் வரப்பை ஒட்டி நம் வடிகாலை விட ஒத்துக்கொண்டார். பதிலுக்கு அவர் பக்கத்து வாய்க்காலையும் நாம் தூர்வாரிக் கொடுத்தோம். நவம்பர் கடைசி வாரம் டெல்டா முழுக்கக் கொட்டிய மழையில் சுற்றிலும் சம்பா வயல்கள் மூழ்கிக் கிடந்தன. நம் தோட்டத்தில் தேங்கிய தண்ணீர் வேகமாக வடிந்துவிட்டது. தென்மேற்கு மூலை மட்டும் பள்ளம். அங்கே இன்னும் தேங்குகிறது. அது அடுத்த ஆண்டு வேலை.

காட்டைக் கையால்தான் வெட்டினோம். ஜேசிபி விட்டால் ஒரே நாளில் முடியும் என்று பலர் சொன்னீர்கள், உண்மைதான். ஆனால் எந்தப் புதருக்கடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் அதை இறக்க நிர்வாகக் குழு ஒப்பவில்லை. அரசங்கன்றுகள்தான் பெரிய தொல்லை. மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேரைப் பிடித்து இழுத்தால் கல்லறையும் சேர்ந்து வரும். வெட்டிக் காயவிட்டு, செங்கல் இணைப்பு ஒவ்வொன்றிலிருந்தும் வேரை எடுத்து, அந்த இடத்தில் காரையை அடைக்க வேண்டியிருக்கிறது. பாதி முடிந்திருக்கிறது.

இதையொட்டி இன்னொன்று. மேற்கு ஓரத்து மண்மேடுகளைச் சமப்படுத்திக் கார் நிறுத்த இடம் விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவை நம் வீடுகளிலும் வயல்களிலும் உழைத்தவர்களின் அடக்கங்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கல் வைக்க அவர்களுக்கு வசதி இல்லை, அல்லது நாம் வைக்க விடவில்லை. மேடுகளைச் சுற்றிச் சிறிய கற்கள் பதித்து, வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறோம். கார்கள் சாலையிலேயே நிற்கட்டும்.

கல்வெட்டுகளைப் படிக்கும் வேலையை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெறும் நல்ல தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும்தான். ஆசிட், கம்பி பிரஷ் கூடவே கூடாது. சலவைக்கல்லில் ஆசிட் பட்டால் எழுத்தே கரைந்துவிடும். காலை வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுத்தால் உச்சி வேளையில் தெரியாத எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கிறது. கிழக்குச் சுவரோரத்துக் கருங்கல்லில் இப்படித்தான் ௲௮௱ என்று தமிழ் எண்ணில் ஒரு ஆண்டு கிடைத்தது: ஆயிரத்து எண்ணூறு. அதற்கடுத்த எண் சிதைந்திருக்கிறது. ௬ (ஆறு) என்று சிலரும் ௯ (ஒன்பது) என்று சிலரும் வாதாடுகிறார்கள். அறுபதுகளா தொண்ணூறுகளா என்பதை ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை யாரும் அந்த எழுத்தின்மேல் கறுப்பு பெயின்ட் ஓட்டவேண்டாம் என்று மிகவும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டா விஷயத்தில் நகர்வு குறைவு. மூன்று தலைமுறைக்கு முன் இறந்தவர்கள் பெயரிலேயே கூட்டுப் பட்டா இருக்கிறது, 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டப் பதிவில் ஒரு பெயர் தப்பாகவும் ஏறியிருக்கிறது. சர்வேயர் வந்து கல் நட்டுவிட்டார், அதுவரை சரி. பெயர் மாற்றத்துக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இரண்டு கிளைகள்தான் கொடுத்திருக்கின்றன. வாட்ஸப்பில் கைகூப்பும் படம் அனுப்பினால் போதாது. புதிதாக அடக்கம் செய்ய இடம் கேட்டவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: பட்டாவும் ஊராட்சி அனுமதியும் ஒழுங்காகும்வரை சங்கம் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

நம் குடும்பத்தில் இப்போது லுத்தரனும் உண்டு, ஆர்.சி.யும் உண்டு, பெந்தெகொஸ்தேயும் உண்டு. மெழுகுவர்த்தி ஏற்றுவது அவரவர் விருப்பம். ஏற்றுபவர்கள் கல்லின்மேல் ஒட்டாமல், விளக்கு மாடத்திலோ நாம் வைத்திருக்கும் மணல் தட்டிலோ ஏற்றவும். உருகி உறைந்த மெழுகைச் சுரண்டி எடுப்பதற்குள் பையன்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த ஆண்டுக்கு மூன்று வேலைகளை நிர்வாகக் குழு முன்மொழிகிறது: தென்மேற்கு மூலையின் வடிகால், மீதமுள்ள அரச வேர்கள், பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிட்டுப் பட்டியல் தயாரிப்பது. தோரண வாயில் தீர்மானத்தை மீண்டும் கொண்டுவர விரும்புபவர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் எழுத்தில் தரலாம். தோட்டத்துச் சாவி ஒன்று காவல்கார அண்ணனிடமும் மற்றொன்று என் வீட்டிலும் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்