ஆயாவின் கண்கள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாய். கேட்டிருக்க வேண்டும்தான். ஆயாவின் கண்ணைத் தானம் கொடுத்தது மாமா வாயால் உனக்குத் தெரிய வந்தது என் தப்பு. அன்று விடிகாலை நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

ஆயாவுக்கு மூச்சு நின்றபோது மணி நாலு பத்து. உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். நீ பேசவே முடியாமல் அழுதாய். அந்த நேரத்தில் உன்னிடம் எதைக் கேட்பது? அடுத்த போன் நம்ம தெரு மன்றத்துச் செயலாளர் தம்பிக்கு. இஸ்திரிக் கடைக்காரர் பையன்தான், உனக்குத் தெரியும். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். பத்து மணியைத் தாண்டக் கூடாது.

நீ ஊரில் இருந்தபோது கேரம் போர்டும் பொங்கல் கோலப் போட்டியுமாக இருந்த மன்றம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து, எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்போது பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் தூக்கிக்கொண்டு இந்தப் பிள்ளைகள்தான் போனார்கள். கருப்பாக ஒட்டிக்கொண்ட பாத்திரங்களைத் தேய்த்துக் கொடுக்க நானும் போனேன். அன்றிலிருந்து நானும் மன்றத்தில் ஒருத்தி. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் கூப்பிட, குரூப் வாரியாகப் பெயர் எழுதின நோட்டு ஒன்று இருக்கிறது. அது என் பொறுப்பு. ஒரு தடவை கொடுத்தால் ஆண்களை மூன்று மாசம், பெண்களை நாலு மாசம் மறுபடி கூப்பிடக் கூடாது. அதற்காகத் தேதி போட்டு வைப்பேன்.

ஆயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதே இவர்களால்தான். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள், அங்கிருந்து வேனில் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று ஆயா என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "உனக்கு எப்போடி இவ்ளோ நரைச்சுது?" என்று கேட்டார். அத்தனை நாளும் என் தலை அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. அப்புறம் முறத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு படி அரிசியில் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிப் போட்டார். சாயங்காலம் வரை முறத்தைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த வாரமே செயலாளர் தம்பியைக் கூப்பிட்டு, "ஆபரேஷன் பண்ண கண்ணை எடுத்துப்பாங்களா?" என்று கேட்டது ஆயாதான். லென்ஸ் உள்ளே இருக்கு, நமக்கு வேண்டியது முன்னால் இருக்கிற கருவிழி, அது நல்லா இருந்தா போதும், வயசும் பார்க்க மாட்டாங்க என்று அவன் விளக்கினான். அன்றைக்கே படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஒன்று, எழுதிக் கொடுத்திருந்தாலும் கடைசியில் வீட்டார் சம்மதம் சொன்னால்தான் எடுப்பார்கள்.

பையன்கள் நாலு பேர் அஞ்சு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினார்கள், கருவிழி காய்ந்துவிடும் என்று. தலைக்கு இரண்டு தலையணை வைத்து, இமைகளை மூடி, நனைத்த பஞ்சை மேலே வைத்தார்கள். தெருமுனை டாக்டரை எழுப்பிச் சான்றிதழ் வாங்கி வந்ததும் அவர்கள்தான். மாமா வந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. "அடுத்த ஜென்மத்துல எங்கம்மா குருடா பொறக்கணுமா?" என்று கத்தினார். அந்தப் பிள்ளைகள் எதிர்வாதம் செய்யவே இல்லை. "நீங்க பேசி முடிவு பண்ணுங்கக்கா, நாங்க வெளியே நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள்.

நான் மாமாவுக்குச் சுந்தரர் கதையைத்தான் ஞாபகப்படுத்தினேன். ஆயா உங்கள் எல்லோருக்கும் சோறு ஊட்டும்போது சொன்ன கதை. நம்ம கோயில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போனது. அப்புறம் ஒன்று காஞ்சிபுரத்தில் வந்தது, இன்னொன்று திருவாரூரில் வந்தது. "அம்மா கண்ணும் அப்படித்தான் இங்கேயிருந்து போய் ரெண்டு இடத்துல திறக்கப் போகுது" என்றேன். மாமா ரொம்ப நேரம் ஆயா காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். சாட்சிக் கையெழுத்து அவர்தான் போட்டார் என்பதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கண் வங்கியிலிருந்து இரண்டு பேர் ஏழரைக்கு வந்தார்கள். அறைக் கதவைச் சாத்தி இருபது நிமிஷம். சோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். கருவிழி அரை மில்லிமீட்டர் கனம்தானாம். அதில் ரத்தக் குழாயே கிடையாது, அதனால் ரத்தம் மாதிரி குரூப் பார்க்க வேண்டியதில்லை என்றார்கள். என் நோட்டில் எழுதத் தேவையே இல்லாத ஒன்றை ஆயா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாயங்காலம் நீ வந்து, ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி ஆயா நெற்றியில் முத்தம் கொடுத்தாய். கன்னத்தைத் தடவினாய். தூங்குகிற மாதிரிதானே இருந்தார்? அப்போதே சொல்ல வாயெடுத்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

போன வாரம் கண் வங்கியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஆயா மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன், வரும்போது பார்.

நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் கண்ணு. இந்தத் தடவை உன்னிடம் முன்கூட்டியே கேட்கிறேன். சரி என்று நீதான் சொல்ல வேண்டும். கண் வங்கி நம்பரை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நீ தூரத்தில் இருந்தால் செயலாளர் தம்பிக்குப் போன் போட்டால் போதும், அவன் வந்து ஃபேனை நிறுத்திவிடுவான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா
திருவொற்றியூர்