‘சுண்ணாம்பு கலவாதது’ என்று விற்கப்பட்ட சரளை குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், எடின்பரோ.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
நாள்: அக்டோபர் 20

பொருள்: தவறான விவரத்துடன் விற்கப்பட்ட பாறைத் தோட்டச் சரளையால் ஜென்டியன் செடிகள் அழிந்தமை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மார்ச் மாதம் தங்களிடம் ஜென்டியானா சைனோ-ஆர்னாட்டா என்னும் நீலப் பூ ஜென்டியன் செடிகள் பன்னிரண்டும், அவற்றுக்கு ஏற்றதெனத் தங்கள் விலைப்பட்டியலே பரிந்துரைத்த ‘சுண்ணாம்பு கலவாத பாறைத் தோட்டச் சரளை’ 20 கிலோ மூட்டைகள் ஐந்தும் வாங்கினேன். வெளுத்துத் தடித்த வேர்களுடன் செடிகள் மிக நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. அவற்றைக் குறித்து எனக்குக் குறையேதும் இல்லை. என் புகார் சரளையைப் பற்றியது. மூட்டையில் இருந்தது சுண்ணாம்புக்கல்.

எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவின் உலர்தாவரச் சேகரிப்பில் பணியாற்றி, 1904 முதல் சீனாவின் யுன்னான் மலைகளில் செடி தேடி அலைந்த ஜார்ஜ் ஃபாரஸ்டின் வழியாக இந்நாட்டுக்கு வந்த செடி இது. பெரும்பாலான ஆல்பைன் (உயர்மலை) செடிகள் பூத்து ஓய்ந்துவிட்ட இலையுதிர் காலத்தில், தரையோடு படர்ந்து, வெயில் பட்டால் விரிந்தும் மேகம் மூடினால் குவிந்தும் நிற்கும் அந்த ஆழ்ந்த நீலப் பூவுக்காகவே மூன்று ஆண்டுகள் இலைமட்கு சேர்த்து ஒரு பாத்தியைப் பண்படுத்தினேன். நடுவதற்கு முன் அதன் பி.எச். அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.8, அமில மண்ணை விரும்பும் இச்செடிக்கு அது பொருத்தமானது.

ஏப்ரலில் தங்கள் சரளையை மண்ணில் கலந்தும் மேலே பரப்பியும் நட்டேன். ஜூனில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக வெளிறத் தொடங்கின. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போய்விடும் என்பதைத் தங்கள் பணியாளர்கள் அறியாதிருக்க முடியாது. ஐயம் தோன்றி, சில கற்களைக் கழுவி அவற்றின் மீது வினிகர் ஊற்றினேன், ஒவ்வொன்றும் நுரைத்தது. பாத்தியின் பி.எச். அளவு 7.6 ஆகியிருந்தது. உடனே சரளையை வாரி எடுத்தபோதும், மண்ணில் கலந்த தூளை என்னால் பிரிக்க இயலவில்லை. இன்று ஏழு செடிகள் இறந்துவிட்டன. எஞ்சிய ஐந்தில் ஒரு மொட்டுகூட இல்லை. அதே பாத்தியின் ஓரத்தில், அதே சரளைத் தூள் கலந்த மண்ணில் நிற்கும் வெள்ளி சாக்சிஃப்ரேஜ் என்னும் பாறைச் செடிகளோ சுண்ணாம்பை விரும்புபவை. அவை முன்னெப்போதையும்விடச் செழித்திருக்கின்றன.

தொலைபேசியில் பேசிய தங்கள் பணியாளர், நான் அளவுக்கு மீறி நீர் ஊற்றியதே காரணம் என்றார். இதை என்னால் ஏற்க இயலாது. கோடையில் ஈரம் குறையாதிருப்பதையே இந்த ஜென்டியன் விரும்பும். எடின்பரோவின் குழாய் நீர் மென்னீர் என்பதால் சுண்ணாம்பு அதன் வழியே வந்திருக்கவும் வாய்ப்பில்லை. மூட்டையில் அச்சிட்டிருந்ததை நம்பியதைத் தவிர நான் வேறு பிழை எதுவும் செய்யவில்லை.

விற்கப்படும் பொருள் அதன் விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறும் விதி. ஆகவே சரளைக்கான 45 பவுண்டையும் செடிகளுக்கான 72 பவுண்டையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, இதே சரளையை வாங்கிய அனைவருக்கும் உடனே தெரிவியுங்கள். இச்செடியைத் தோண்டி வேர் பிரித்து நடுவதற்கு உகந்த காலம் வசந்தத்தின் தொடக்கம். அதற்குள் செய்தி கிடைத்தால், புது மண்ணுக்கு மாற்றி எத்தனையோ செடிகளை அவர்கள் காப்பாற்றிக்கொள்ளலாம். ரோடோடென்ட்ரான் போன்று சுண்ணாம்பைத் தாங்காத பிற செடிகளுக்கும் சிலர் இதைப் பயன்படுத்தியிருக்கக்கூடும்.

பிரிக்கப்படாத மூட்டை ஒன்று என்னிடம் உள்ளது. தங்கள் ஊழியர் எவரேனும் வந்தால், அவர் முன்னிலையிலேயே அதைப் பிரித்துச் சோதித்துக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்