இயக்கத்துக்கு உள்ளே நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெற்கு சூடான் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, அங்கே நடப்பது டிங்கா, நூவர் இனங்களின் பழைய பகை என்று முடித்துவிட்டது. அது பாதிதான். விடுதலைக்குப் போராடிய எஸ்.பி.எல்.ஏ. (சூடான் மக்கள் விடுதலைப் படை) இயக்கமே 1991இல் உடைந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வருஷம் மே மாதம் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்து ஆட்சி கவிழ்ந்து இயக்கத்தின் பின்தளம் போனது, ஆகஸ்டில் ரீக் மச்சார், லாம் அகோல் என்ற தளபதிகள் தலைவர் ஜான் கராங்கை நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். கராங் தனியாளாக எல்லாம் முடிவெடுக்கிறார் என்பது அவர்கள் புகார். தனி நாடா, ஒன்றுபட்ட சூடானா என்ற தகராறும் சேர்ந்துகொண்டது. 1983இல் தொடங்கிய இயக்கம் தன் முதல் மாநாட்டை 1994இல்தான் கூட்டியது, அதனால் அந்தப் புகாரை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அடிபட்டது சனங்கள். கார்ட்டூமில் இருந்த சூடான் அரசு மச்சாருக்கு ஆயுதம் கொடுத்து அந்தப் பிளவை வளர்த்தது. 2002இல் அவர் இயக்கத்துக்குத் திரும்பி வந்தார், 2005இல் சூடான் அரசோடு சமாதான ஒப்பந்தம், 2011இல் தனி நாடு, சரி, பழைய கணக்கு தீர்ந்ததா? 2013 ஜூலையில் டிங்கா இனத்து அதிபர் சல்வா கீர், நூவர் இனத்துத் துணை அதிபர் மச்சாரை நீக்கினார், டிசம்பரில் உள்நாட்டுப் போர். கட்சிக்குள் யார் பெரியவர் என்ற சண்டைக்குள்தான் இனம் இழுத்துவரப்பட்டது.

எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை முகாமில் இருக்கும் ஈழத்துப் பெரியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு பேச ஆறு தமிழ் அமைப்புகள் ஒரே கோரிக்கையோடு உட்கார்ந்தன, மறு வருஷம் மே மாதமே அவற்றில் ஒன்றான டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைப் புலிகள் கொன்றார்கள். அப்புறம் 2004 மார்ச்சில், போர்நிறுத்தம் இருந்த நேரத்தில், பொறுப்புகள் எல்லாம் வடக்குக்கே போகின்றன என்ற புகாரோடு புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். 2007இல் கிழக்கு முழுவதும் ராணுவத்தின் கையில். இதைச் சொல்வதால் இலங்கை அரசு செய்த கொடுமைகளை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாறாக, வட அயர்லாந்தில் 1998 சமாதான ஒப்பந்தத்தை, ஐ.ஆர்.ஏ. ஆயுத இயக்கத்தின் அரசியல் கட்சியான சின் ஃபெயின் தன் சிறப்பு மாநாட்டில் வைத்து வாக்கெடுத்தது. சமாதானப் பேச்சை ஏற்காமல் முந்தைய வருஷமே ஐ.ஆர்.ஏ.விலிருந்து பிரிந்தவர்கள் ஆகஸ்டில் ஓமா நகரில் குண்டு வைத்து 29 பேரைக் கொன்றார்கள், ஆனாலும் ஒப்பந்தம் நின்றது.

ஆகவே அடுத்த முறை எந்த நாட்டின் சமாதானப் பேச்சைப் பற்றி எழுதினாலும், மேசைக்கு வந்தவர் யார் என்பதோடு, வர மறுத்த தளபதி யார், ஆயுதமும் பணமும் யார் கையில் இருக்கிறது, கீழே இருக்கும் போராளிகளிடம் யாராவது கேட்டார்களா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்