கஞ்சா மருந்து: உரிமம் யார் கைக்குப் போகவேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த அனுமதிக்கலாமா என்பது பற்றி வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் படித்துவருகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் என்ற முறையில், அவற்றில் யாரும் தொடாத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். அனுமதித்தால், விற்கும் உரிமம் யாருக்குப் போகும்?

திருப்பூரிலும் கோவையிலும் கஞ்சா சாக்லேட் பிடிபட்ட செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்தப் பேச்சே அச்சம் தருவது இயல்பு. கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பெற்ற எனக்கும் அந்த அச்சம் உண்டு. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, மருத்துவத்துக்காகவும் அறிவியல் ஆய்வுக்காகவும் கஞ்சாவின் உற்பத்தியையும் இருப்பையும் விற்பனையையும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அதன் 10ஆவது பிரிவில் மாநில அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. ஆகவே என்றைக்காவது விதிகள் எழுதப்படலாம். அப்போது மற்றவர்கள் பட்டதைப் பார்த்து எழுதவேண்டும்.

தாய்லாந்து, விற்பனையை முழுமையாக நெறிப்படுத்தும் சட்டம் இயற்றாமலேயே 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2025 ஜூனில் அரசே மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் வேறு வழியில் தடுக்கி விழுந்தது. அங்கே 2021இல் மருத்துவக் கஞ்சாச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 2023இல் கொடுத்த உரிமங்களை அந்த மாநிலத்தின் மருத்துவக் கஞ்சா ஆணையமே ரத்து செய்ததாலும், உரிமம் கிடைக்காத நிறுவனங்கள் நீதிமன்றம் போனதாலும், 2024 முடிந்த பிறகும் நோயாளியின் கைக்கு மருந்து வந்து சேரவில்லை. கனெக்டிகட் மாநிலமோ, மருத்துவக் கஞ்சா விற்பனையகத்தில் உரிமம் பெற்ற மருந்தாளுநர் இருந்தே தீரவேண்டும் என்று விதி வகுத்தது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. கஞ்சாவிலிருந்து எடுக்கும் கன்னபிடியால் என்ற மருந்து, குழந்தைகளுக்கு வரும் கடுமையான சில வலிப்பு நோய்களுக்காக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை, வலிப்புக்கே கொடுக்கப்படும் குளோபசாம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் குழந்தைக்கு மயக்கம் கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர் அதை எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இதைச் சீட்டைப் பார்த்ததும் பிடிக்கத் தெரிந்தவர் கல்லாவுக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

ஆனால் கட்டுப்பாடு என்ற பெயரில் மருந்து நோயாளிக்கு எட்டாமல் போவதையும் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். 2017இல் என் பெரியம்மாவுக்கு வாய்ப்புற்றுநோய் முற்றிய நிலையில், கடும் வலியைத் தணிக்கும் 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும்படி மருத்துவர் எழுதினார். பதினான்கு நாளைக்கு 84 மாத்திரைகள். என் கடைக்கு அதை வைக்கும் உரிமம் இல்லை. பக்கத்து ஊர்களில் விசாரித்த இடங்களிலும் இருப்பு இல்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பேருந்தில் போய்க் கோவையில் ஒரு மருத்துவமனையில் வாங்கி வருவேன். மாத்திரைகளை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, கொடுத்த நேரத்தைத் தினக்காட்டித் தாளின் பின்புறம் குறித்துவைப்போம். ஒருமுறை மருத்துவமனையில் இருப்புத் தீர்ந்து நான் வெறுங்கையோடு திரும்பியபோது, பேச்சே குழறிப்போயிருந்த அவர், "நாளைக்காவது கெடைக்குமா கண்ணு?" என்று கேட்டார். மறுநாள் பகல் மூன்று மணி வரை அந்தச் சம்படம் காலியாகவே இருந்தது. மருந்து விற்பதையே தொழிலாகக் கொண்டவன் அன்று இரவு முழுவதும் அவர் கட்டிலருகே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும், பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்கவேண்டியிருந்த பழைய முறையை மாற்றவே 2014இல் அதே போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகளாக அறிவிக்கப்பட்டு, அவற்றை வைத்திருக்க மருத்துவமனைகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்று 2015இல் விதிகளும் வந்தன. விதி வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நான் பேருந்தில் அலைந்தேன்.

கஞ்சா மருந்துக்கு விதி எழுதும் நாள் வரும்போது வரட்டும். அதற்கு முன், புதிய சட்டம் எதுவும் தேவைப்படாத ஒன்றை அரசு இப்போதே செய்யலாம். கோபி, சத்தியமங்கலம், பவானி, தாராபுரம் உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் எவற்றுக்கு மார்ஃபின் வைத்திருக்கும் அங்கீகாரம் இருக்கிறது, எவற்றில் இன்று இருப்பு இருக்கிறது என்ற பட்டியலை மாவட்டந்தோறும் வெளியிட்டு, மாதம் ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மருந்துச் சீட்டோடு என் கடைக்கு வந்து கேட்பவர்களை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவேண்டும்.

இங்ஙனம்,
மருந்தாளுநர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.