அந்தத் தேவாலயத்து அக்காவுக்கு

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். பக்கத்துத் தேவாலயத்தில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். யார், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாடு எல்லோருக்கும் வந்தது, சரி. ஆனால் அக்கா, அம்மா இன்சுலின் பாட்டிலைக் கைக்குள் பொத்தி வைத்திருந்ததை நீங்கள் மட்டும்தான் கவனித்தீர்கள். கரண்டே இல்லை, ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? எங்கிருந்தோ ஒரு மண்பானையைத் தூக்கிவந்து, தண்ணீர் ஊற்றி, மருந்தை இறுக்கமான டப்பாவில் போட்டு உள்ளே மிதக்கவிட்டீர்கள். ஊசி போட்டதும் அம்மா சாப்பிட்டாரா என்று வேளாவேளைக்கு வந்து பார்த்தீர்கள். கிளம்பும்போது தேடினோம், அடுத்த தெருவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தீர்கள்.

அம்மா நன்றாக இருக்கிறார். ஒருநாள் மீன்குழம்பு சாப்பிட வரச் சொல்கிறார். அக்காவைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.