ஆத்தாவுக்கு அடையாளம் தெரியாத படம்

கானாடுகாத்தான்,
ஞாயிறு மாலை

அன்புள்ள விசாலம்,

இங்கே நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. உன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்ற உன் கோபம் நியாயம்தான், நன்றாகத் திட்டிக்கொள். ஆனால் "உன் புதுப்படத்தை யார் வரைந்தது, என் வீணை வகுப்புக்கும் ஒன்று வேண்டும்" என்று கேட்டாயே, அதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

சமையல் வகுப்புக்கு விசிட்டிங் கார்டு, இன்ஸ்டாகிராம், மசாலா பாக்கெட் எல்லாவற்றிலும் ஒரே முகம் இருக்கட்டும் என்று முதலில் ஆன்லைனில் ஒருவருக்குப் போட்டோவை அனுப்பிப் பணமும் கட்டினேன். மூன்றே நாளில் படம் வந்தது. என் கறுப்பு போய்ச் சந்தன நிறம், மூக்கு கூர்மை, கண்ணாடி இல்லை, நரை இல்லை. ஆத்தா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளைடி இது?" என்று கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது விசாலம். முப்பது வருஷம் அடுப்படியில் நின்று கற்ற கைப்பக்குவத்தை நம்பித்தானே ஆட்கள் வருகிறார்கள், வாசலில் என்னைப் பார்த்ததும் வேறு யாரையோ தேடினால்?

அன்றைக்குத்தான் உள்முற்றத்து வளவில் மாட்டியிருக்கும் அப்பத்தா படத்தை நின்று பார்த்தேன். அதன் கீழே உட்கார்ந்துதானே நாம் பல்லாங்குழி ஆடுவோம், நீ முத்தை ஒளித்துவைப்பாய். கன்னத்து அம்மைத் தழும்பை அந்த ஓவியர் மறைக்கவே இல்லை. இத்தனை வருஷமும் அது என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

அப்புறம் தெற்குத் தெரு சித்தி சொல்லி ஒரு பெண் வந்தாள், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். போட்டோ கேட்கவில்லை. இரண்டு நாள் அடுப்படியில் உட்கார்ந்து நான் மசாலா அரைப்பதைப் பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தாள். பின்னால் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலை வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவள் பேசாமல் படத்தைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டினாள். போனில் பெரும்பாலும் அந்த அளவு வட்டத்தில்தான் முகம் தெரியுமாம். பூவெல்லாம் வெறும் கறை. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்கப் பத்திரிகை 1979லிருந்து ஆட்களின் முகத்தைப் புள்ளியாலும் சிறு கோட்டாலும் வரைந்து போடுகிறது, அரைப் பத்தி அகலத்திலும் ஆளைச் சட்டென்று தெரியும் என்றாள். என் படத்திலும் கண்ணாடியும் நரை வகிடும் மட்டும் அழுத்தமாக நின்றன. ஆத்தா பார்த்த உடனே, "கண்ணாடியைத் துடைக்காமலே உட்கார்ந்திருக்கிறாயே" என்றார்கள்!

ஒரு வருத்தம் மட்டும் பாக்கி. பாக்கெட் அச்சடித்த இடத்தில், ஓரத்தில் இருந்த அவள் கையெழுத்தை என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டார்கள். பணம் கொடுத்து வரையச்சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1957ஆம் வருஷச் சட்டப்படி நமக்குத்தான். ஆனால் வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதோடு போய்விடாது, அது வரைந்தவருடையது. உன் வக்கீல் மருமகனையே கேள். சட்டத்தை விடு, இரண்டு நாள் என் புகையில் உட்கார்ந்த பெண் அவள். நானூறு பாக்கெட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே நீ தொகையையும், எங்கெல்லாம் படத்தைப் போடப்போகிறாய் என்பதையும், அவள் பெயர் எங்கே வரும் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள். அச்சுக்கு வெக்டார் கோப்பு கேள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதே, சுருங்கிவிடும்.

அடுத்த மாதம் அவள் கோயம்புத்தூர் வருகிறாள். பட்டுப்புடவையும் நகையுமாக உட்காராதே. தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன உன் இடது கை விரல்களை அவளிடம் காட்டு. சீப்புச் சீடை கொடுத்தனுப்புகிறேன், உன் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வை.

உன்
அலமு