ரிஃப்ராக்டோமீட்டர் மட்டும் போதாது, 35 கரைசலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கு, வடிகட்டி எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, உப்பளவு பார்க்க நல்ல கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் சறுக்குவதே அந்த இடத்தில்தான்.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும், உப்பளவு 35 என்பது இதைத்தான். ஒப்படர்த்தியாக, அதாவது தூய தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியாகச் சொன்னால், 25 டிகிரியில் 1.026. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டாவிட்டால் உப்பளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

பலரும் முதலில் வாங்குவது, தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பளவு காட்டும், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். முள்ளில் ஒரு சின்ன காற்றுக்குமிழி ஒட்டினாலே அது முள்ளைத் தூக்கிவிடும், உப்பு கூடுதலாகக் காட்டும். காய்ந்த உப்பு படிந்தால் முள் கனத்துக் குறைவாகக் காட்டும். மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் இதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அது எந்த வெப்பநிலைக்குச் செய்தது என்று பார்த்து வாங்க வேண்டும், கைதவறினால் உடைந்தும் போகும்.

என் கை போவது ரிஃப்ராக்டோமீட்டருக்குத்தான், தண்ணீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து உப்பளவு காட்டும் கருவி அது. அதன் கண்ணாடியில் தொட்டித் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேரும் கோட்டில் அளவு தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மலிவாகக் கிடைக்கும் பல ரிஃப்ராக்டோமீட்டர்களின் அளவுகோல் கடல்நீருக்குப் போட்டதே இல்லை, வெறும் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்புக் கரைசலுக்குப் போட்டது. சரியான 35 கடல்நீரை அது 36.5 என்று காட்டும். போதாததற்கு, தூய தண்ணீர் விட்டு ஜீரோவில் நிறுத்தினால் போதும் என்றுதான் கூட வரும் தாளில் எழுதியிருப்பார்கள். ஜீரோவில் சரியாக இருக்கும் கருவி 35-இல் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

நான் அப்படி நம்பினேன். வாரா வாரம் ஜீரோ பார்த்தேன், தொட்டித் தண்ணீர் 35 என்றே காட்டியது, ஆனாலும் பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, விரியவே மாட்டேன் என்றன. விளக்கை மாற்றினேன், மீன் தீனியைக் குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் 35 கரைசல், அதாவது கருவி சரியா என்று பார்க்க 35 உப்பளவுக்கென்றே தயாரித்து விற்கும் கரைசல், வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 39 காட்டுகிறது! அப்படியென்றால் என் தொட்டியில் இருந்தது 31-தான். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக உப்புநீரையே ஊற்றி, அவசரப்படாமல் பல நாட்களில் ஏற்றினேன். இரண்டு பவளங்கள் பிழைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கரைசல் கிடைக்காதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். 963.5 கிராம் தூய தண்ணீரில் 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடு கரைத்தால் அதன் ஒளிவிலகல் (ஒளியை வளைக்கும் அளவு) 35 கடல்நீருடையதேதான், அதை விட்டுக் கருவியை 35-இல் நிறுத்திக்கொள்ளலாம். எடைத் தராசு மட்டும் நுணுக்கமானதாக இருக்க வேண்டும். இது ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான் ஆகும். மின்கடத்தலை வைத்து அளக்கும் டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவர்கள், 35 கடல்நீரின் மின்கடத்தல் அளவான 53 மில்லிசீமன்ஸ் கரைசலைத் தனியாக வாங்க வேண்டும், அளக்கும் முன் முனையை ஆட்டிக் குமிழியைப் போக்க வேண்டும்.

விலை உயர்ந்த மீட்டர் வாங்கி அப்படியே பயன்படுத்துவதைவிட, சாதாரண ரிஃப்ராக்டோமீட்டரும் ஒரு பாட்டில் 35 கரைசலும் வைத்திருப்பதே மேல் என்பேன். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இந்தக் கரைசலைப் பற்றி நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பவளம் வளர்க்கும் வாசகர்